பட்டியல் குறைந்தது... குடும்பங்கள் என்ன ஆயின?

மார்ச் கடைசி வந்தால் எங்கள் கிளையில் வாராக்கடன் பட்டியலைக் குறைக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருப்போம். ஒரு கணக்கு பட்டியலை விட்டுப் போனால் மேலிடத்துக்குச் சந்தோஷம். கடன் வாங்கியவர் கட்டித் தீர்த்தாரா, நாமே தள்ளுபடி செய்தோமா என்பது பட்டியலின் நீளத்தை வைத்துத் தெரியாது. அமெரிக்காவின் 1996 உதவித்தொகைச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கொஞ்சம் பழைய கதை. ரூஸ்வெல்ட் 1935ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், தகப்பன் ஆதரவில்லாத ஏழைக் குழந்தைகளுக்கு மாதாமாதம் பணம் தர ஏற்பாடு இருந்தது. ஆரம்பத்தில் மனதில் வைத்திருந்தது விதவைகளின் பிள்ளைகளை. பிறகு விவாகரத்தானவர்கள், கல்யாணமே ஆகாத தாய்மார்கள் என்று விரிந்தது. 1994ல் சுமார் 50 லட்சம் குடும்பங்கள் வாங்கிக்கொண்டிருந்தன. 'சோம்பேறிகளை வளர்க்கிறார்கள்' என்ற கோபமும் கூடவே வளர்ந்தது.

1996 ஆகஸ்ட் 22ல் கிளிண்டன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசுப் பணத்தில் பொதுவாக ஆயுளுக்கு 60 மாதம்தான் உதவி, வேலைக்கும் போகவேண்டும். மாநிலங்களுக்கு வருடம் சுமார் 1650 கோடி டாலர், மொத்தத் தொகையாக. தேவை கூடினாலும் விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. கிளிண்டன் அரசில் சுகாதாரத் துறை அதிகாரியாக இருந்த பீட்டர் எடல்மன் இதை எதிர்த்து ராஜினாமா செய்தார்.

2000க்குள் பட்டியல் பாதிக்கும் கீழே போனது. மாபெரும் வெற்றி என்றார்கள்.

சரி, போனவர்கள் எங்கே? அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 1997ல் விசாரித்தது. முந்தைய இரண்டு வருடங்களில் வெளியேறியவர்களில் 29 சதவீதம் பேர் திரும்ப உதவிக்கே வந்திருந்தார்கள். வராதவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலையில் இருந்தார்கள். கூலி மணிக்கு ஆறேழு டாலர். மூன்றில் ஒரு பங்கினர், பணமில்லாமல் சாப்பாட்டைக் குறைத்ததாகவோ ஒரு வேளை விட்டதாகவோ சொன்னார்கள்.

வேலை கிடைத்தும் ஏன் இப்படி? கேத்ரின் எடினும் லாரா லைனும் நான்கு நகரங்களில் 379 தாய்மார்களிடம் உட்கார்ந்து வரவு செலவு கேட்டு 1997ல் ஒரு புத்தகம் போட்டார்கள். சம்பளம் வந்ததும் பஸ், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், மருந்து எல்லாம் செலவில் ஏறிவிடுகிறது. வரவு கூடுகிறது, மிச்சம் கூடவில்லை. கடன் மனுவை அலசுகிற எவருக்கும் இது உடனே புரியும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வருடங்களில் தனித்தாய்மார் குடும்பங்களில் வறுமை குறைந்தது உண்மை. ஆனால் அப்போது வேலை தாராளமாகக் கிடைத்தது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசே பணம் தரும் வரிச்சலுகையும் 1993ல் பெரிதாக்கப்பட்டிருந்தது. எல்லாப் புகழும் புதிய சட்டத்துக்கே என்று எழுதிக்கொள்ள முடியாது.

சோதனை 2008ல் வந்தது. வேலைகள் போயின, உணவு உதவி வாங்குவோர் எக்கச்சக்கமாகக் கூடினார்கள். இந்தப் பணப் பட்டியல் மட்டும் அவ்வளவாக அசையவில்லை. 1996ல் நூறு ஏழைக் குடும்பங்களில் 68க்குக் கிடைத்த உதவி, 2020ல் 21க்குத்தான் கிடைத்தது.

வேலையும் இல்லை, உதவியும் இல்லை என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களும் 'வெளியேறியவர்கள்' கணக்கில்தான் வந்தார்கள். எந்த ஊரில் எந்தத் திட்டமானாலும், பயனாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று யாராவது பெருமைப்பட்டால் நான் முதலில் கேட்பது, கட்டித் தீர்த்தார்களா, தள்ளுபடி ஆனார்களா என்றுதான்.