மயக்கம் என்னும் சொல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலை கரமனையில் ஆற்றைக் கடக்கிறது. தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இவ்வூர் வழியாக, தெற்கே விபத்துக்குள்ளானோரை ஏற்றிய ஆம்புலன்ஸ் வண்டிகள், 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியை நோக்கி விரைவதுண்டு. அவ்வண்டியிலிருந்து மருத்துவமனைக்கு ஒப்படைக்கப்படுவது உடல் மட்டுமன்று. அவ்வுடலுக்கு நேர்ந்தவற்றைப் பற்றிய செய்தியும் ஆகும். செய்தி தவறினால் சிகிச்சையும் தவறக்கூடும்.

உடன் வந்த தமிழர் ஒருவர், “மயக்கமாக இருக்கிறார்” என்று கூறுவதாகக் கொள்வோம். தமிழில் அச்சொல் தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். மலையாளத்திலோ அது பெரும்பாலும் உறக்கக் கலக்கத்தையே உணர்த்தும். தலையில் அடிபட்டவர் திறத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று. நமக்கு விரைவைக் குறிக்கும் ‘அவசரம்’ மலையாளிகளுக்கு ‘வாய்ப்பு’ என்று பொருள்படும்; மருத்துவமனை வாயிலில் நாம் தேட வேண்டிய பலகை ‘அத்யாஹித விபாகம்’ என்பதாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் இத்தகைய சொற்களில் இடறியதுண்டு.

இந்த இடர்ப்பாடு புதியதன்று. 1899-இல் தென்னாப்பிரிக்கப் போரின்போது காந்தியடிகள் நேட்டாலில் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் பணிபுரிந்தனர். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலரும் அவர்களுள் அடங்குவர். காயமுற்றோரை ஸ்ட்ரெச்சர்களில் சுமந்து, சில நாட்களில் 20 மைலுக்கு மேலும் அவர்கள் நடந்தனர். சுமந்தோரின் மொழி வேறு. மருத்துவரின் மொழி வேறு.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், காயமுற்ற வீரனின் சட்டைப் பித்தானில் ஒரு சீட்டைக் கட்டி அனுப்பினர். காயம் யாது, கொடுத்த மருந்து யாது என்பவற்றை அது தெரிவித்தது. முன்பே மார்பியா கொடுத்திருப்பதை அறியாமல் அடுத்த மருத்துவர் மீண்டும் கொடுத்துவிட்டால் உயிருக்கே தீங்கு நேரலாம் அன்றோ?

1974-இல் கிளாஸ்கோ நகரின் மருத்துவ அறிஞர்களான டீஸ்டேலும் ஜென்னெட்டும் உணர்வு நிலையை அளக்க ஒரு முறை வகுத்தனர். கண் திறக்கிறதா, பேச்சு எழுகிறதா, கைகால் அசைகின்றனவா என்று மூன்றையும் நோக்கி மதிப்பெண் இடுவது அம்முறை. இன்று வழங்கும் அளவில் முழு உணர்வுக்கு 15, கடைநிலைக்கு 3. எண்ணுக்கு மொழியெல்லை இல்லை.

தமிழகத்தில் 2008-இலும், திருவனந்தபுரத்தில் 2010-இலும் 108 வண்டிகள் ஓடத் தொடங்கின. விபத்து எவ்வாறு நேர்ந்தது, காயங்கள் எங்கெங்கே, நாடியும் சுவாசமும் உணர்வும் எந்நிலையில் உள்ளன, வழியில் செய்த சிகிச்சை யாது என்னும் நான்கையும் வண்டியில் வந்தவர் வரிசையாகக் கூறவேண்டும்; ஏற்பவர் குறுக்கிடாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதுவே நல்ல ஒப்படைப்பு முறை.

ஆயினும், விபத்துக்கு முன் நோயாளி எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர் வீட்டாரே. பிற மாநிலங்களில் வாழும் நாம், ‘மயக்கம்’ என்று கூறி நிறுத்திவிடலாகாது. “அழைத்தால் கண் திறக்கிறார். பேச்சு குழறுகிறது. ஏழு மணிக்கு விழுந்தார். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்.” இவைபோன்ற நான்கு வாக்கியங்களை வாழும் ஊரின் மொழியில் முன்னரே கற்றுவைத்தல் நலம். அதற்கு ஆசிரியரைத் தேட வேண்டுவதில்லை. அடுத்த வீட்டாரே போதும்.