காத்துக்கு வழி விட்ட கதை

கேபினட்டோட பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை ஓட விட்டவங்க கை தூக்குங்க. நானும் அந்தக் கட்சிதான் :-)

1996-ல வந்த வூடூ கார்டுக்கு விசிறியே கிடையாது. 1999-ல ஜீஃபோர்ஸ் 256 வந்தப்ப சில்லு மேல குட்டி ஃபேன் ஒண்ணு உட்கார்ந்துச்சு. சூடெல்லாம் பொட்டிக்குள்ளயே சுத்தும்.

2003-ல என்விடியா ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவுல வேற மாதிரி யோசிச்சாங்க. பின்பக்கமா வெளிக்காத்தை உறிஞ்சி, சூடான காத்தை அதே பக்கமா வெளியே தள்ளுறது. யோசனை என்னவோ சரிதாங்க. ஆனா சின்ன விசிறி, அசுர வேகம், காது கிழியுற சத்தம்! 'டஸ்ட்பஸ்டர்'னு, அதாவது தூசி உறிஞ்சுற மெஷின்னு பட்டப்பேரே வச்சுட்டாங்க. 2002-லயே வந்த ஏடிஐ ரேடியான் 9700 ப்ரோ ஒத்த ஸ்லாட்டுல அடங்கும். இதுக்கு ரெண்டு வேணும். கடைசியில என்விடியாக்காரங்களே தங்களைக் கிண்டலடிச்சு வீடியோ எடுத்தாங்க (அந்த மனசு பிடிச்சிருக்கு). சில மாசத்துல 5900 வந்துடுச்சு, 5800 ஓரங்கட்டப்பட்டுச்சு.

இப்போ பெரும்பாலான கார்டுகள்ல ரெண்டு மூணு பெரிய விசிறி. மெதுவா சுத்துது, சத்தம் கம்மி. ஆனா சூடு மறுபடியும் பொட்டிக்குள்ளதான். அதனால முன்னாடி உள்ளே இழுக்க ஒண்ணு, பின்னாடி வெளியே தள்ள ஒண்ணுன்னு கேபினட் விசிறி அவசியம்.

நானும் ரெண்டு மாட்டி மூடியைப் போட்டாச்சு. திருகாணிகளைத்தான் இன்னும் தேடிட்டு இருக்கேன்.