உத்திரமேரூர்: சொந்த மனையும் சிறு வீட்டின் அமைப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகளால் புகழ்பெற்றது. குடவோலைத் தேர்தல் விதிகளைக் கூறும் இவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை; வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. இவற்றின்படி வாரிய உறுப்பினராக வருபவர் வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருக்க வேண்டும். பிறர் மனையில் குடியிருந்தவருக்கு வாரியத்தில் இடமில்லை.

பிற்காலத்தில் இப்பகுதி ஏழைகளின் கூரை வீடுகளில் பெரும்பாலும் ஓர் அறையே சமைக்கவும் உண்ணவும் உறங்கவும் பயன்பட்டது. விறகடுப்பு ஒரு மூலையில் இருக்கும். புகை வீடு முழுவதும் பரவும். அதனால் மழையில்லாத நாட்களில் வீட்டின் பின்புறத்தில் சமைப்பதும் உண்டு.

2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடிக்குள் வசிப்பறை, படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் ஆகியவற்றைத் தனித்தனியே அமைத்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் சமையலறை உட்பட வீட்டின் பரப்பு 360 சதுர அடி ஆகும். இரண்டிலும் பயனாளிக்குச் சொந்த மனை வேண்டும். எனவே புறம்போக்கில் குடியிருப்போருக்கு அடுப்பங்கரையைப் பிரிக்கும் சுவருக்கு முன்பே மனைப்பட்டா தேவைப்படுகிறது.