புகையும் திராவகமும் ஊரார் உரிமையும்

ஒரு நாட்டின் தொழில் வளத்தை அளந்தறிய வேண்டுமாயின், அந்நாடு எவ்வளவு கந்தகத் திராவகத்தைச் செலவிடுகின்றது என்று பார்த்தாற் போதும் எனப் பொருளியல் அறிஞர் கூறுவதுண்டு. வயலுக்கு இடும் உரமும், துணிக்கு ஏற்றும் சாயமும், சலவைத் தூளும், வெடிமருந்தும், மோட்டார் வண்டியின் பாட்டரியும் இத்திராவகத்தின் உதவியின்றி அமைவதில்லை. இதனினும் கடுமையான உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதனை ஒலியம் என்பர். அவ்வொலியம் ஒரு நாள் டில்லி மாநகரில் கொட்டிப் பரவியது. அதன் விளைவாக நம் நாட்டுச் சட்டமே புதிய வழியில் நடக்கத் தொடங்கியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம். பிழைப்பின் பொருட்டுத் தொழில் நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. நம் வாயிலருகே நிற்கும் செய்தியாகும்.

ஒலியம் என்னும் இலத்தீன் சொல்லுக்கு எண்ணெய் என்பது பொருள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கப்படும் பச்சை நிற உப்பைச் சூளையிலிட்டுக் காய்ச்சி, ஜெர்மனி நாட்டு நோர்டவுசன் நகரத்தார் இதனைப் பழங்காலத்தில் வடித்தெடுத்தனர். எண்ணெய் போன்று கனத்து ஓடும் இப்பொருள், காற்றுப் பட்டவுடன் வெண்புகை கக்கும். ஆதலின் புகையும் கந்தகத் திராவகம் என்றும் பெயர் பெற்றது. 1831-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் காடி வணிகராகிய பெரிகிரின் பிலிப்ஸ் என்பார், கந்தகப் புகையைக் காற்றுடன் கலந்து, சூடேறிய பிளாட்டினத்தின்மேற் செலுத்தித் திராவகம் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் காலத்தில் அது பெருந்தொழிலாக வளரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாயத் தொழிலுக்கு ஒலியம் மிகுதியாக வேண்டப்பட்டபோதே அம்முறை ஓங்கியது.

இம்முறையில் ஒரு நுட்பம் கருதத் தக்கது. கந்தகம் எரிந்து, இறுதியில் கந்தக மூவாக்ஸைடு என்னும் ஆவி உண்டாகின்றது. அதனை நீரிற் கரைத்தால் கந்தகத் திராவகம் கிடைக்கும். ஆயினும் ஆலைகளில் அதனை நேரே நீரிற் செலுத்துவதில்லை. நீருடன் கூடிய அளவில் அது பெருவெப்பத்துடன் மூண்டு, நுண்ணிய திராவகத் துளிகளாலான மூடுபனியாக மாறிவிடும். அம்மூடுபனியைப் பிடித்து அடக்குதல் அரிது. ஆகவே, முன்னரே ஆக்கி வைத்த செறிந்த திராவகத்தில் அவ்வாவியைக் கரைத்து ஒலியமாக்கி, அதன் பின்னரே அளவறிந்து நீர்மையாக்குவர். ஒலியமும் நீரும் நேருக்கு நேர் சந்தித்தலாகாது என்பதை ஆலையின் மதிலுக்குள் இருப்போர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும். மதிலுக்கு வெளியே இருந்தோர் அறிந்தனரா என்பதே கேள்வி.

1985-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் இக்கேள்வி டில்லியில் எழுந்தது. போபால் நகரத்து நச்சுவாயுக் கொடுமை நிகழ்ந்து சரியாக ஓராண்டே கழிந்திருந்தது. டில்லித் துணி ஆலை நிறுவனத்திற்கு உரிய ஸ்ரீராம் உணவு, உர ஆலையில் ஒலியம் நிறைந்த கலம் ஒன்றைத் தாங்கி நின்ற அமைப்புச் சரிந்தது. கலம் வீழ்ந்து உடைந்தது. ஒலியம் தரையிற் பரவிற்று. காற்றின் ஈரத்தை உண்டு வெண்புகையாய் எழுந்தது. ஆலைக்குள் அஞ்சி விலக்கப்பட்ட அதே மூடுபனி, இப்பொழுது மக்கள் நடமாடும் வெளியில் தானே உண்டாயிற்று.

அவ்வாலை ஊருக்கு வெளியே இருக்கவில்லை. பஞ்சாபி பாக், மேற்குப் பட்டேல் நகர், கரம்புரா, அசோக் விகார், திரி நகர், சாஸ்திரி நகர் எனக் குடியிருப்புகள் அதனைச் சூழ்ந்திருந்தன. மூன்று கிலோமீட்டர் வட்டத்திற்குள் ஏறத்தாழ 2,00,000 மக்கள் வாழ்ந்தனர் என உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிக்கின்றது. சற்றே கிழக்கில், தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கரோல் பாக் இருக்கின்றது. புகையால் ஆலைத் தொழிலாளரும் ஊராரும் துன்புற்றனர். தீஸ் ஹசாரி நீதிமன்றத்து வழக்கறிஞர் ஒருவர் இதனால் உயிர் நீத்தார் என முறையிடப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 6-ஆம் நாளன்று, குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து மறுபடியும் சிறு கசிவு நேர்ந்தது. ஒரு முறை நேர்ந்தது தற்செயல் எனக் கொண்டவரையும் அது திடுக்கிடச் செய்தது.

இத்தகைய வேளையிற் செய்யத் தக்கது யாது? தீ என்றால் நீர் என்பதே நாம் குழந்தைப் பருவம் முதற் கற்றது. ஒலியத்திற்கு அப்பாடம் பொருந்தாது. தேங்கிய ஒலியத்தின்மேல் நீரைப் பாய்ச்சினால் கொதித்துத் தெறிக்கும், புகை பன்மடங்காகும். ஆதலின் உரிய முறை வேறு. முதற்கண் காற்றடிக்கும் திசையிலுள்ள மக்களை அகற்றுவர். உடல் முழுதும் மூடும் கவசமும், தனிக் காற்றுக் கலத்துடன் கூடிய முகமூடியும் அணிந்த பயிற்சி பெற்றோர் மட்டுமே நெருங்கிக் கசிவை அடைப்பர். உலர்ந்த மண்ணாலும் மணலாலும் கரை கட்டி, சாக்கடைக்குள் ஓடாமல் தடுத்து, மேலும் மணலிட்டு மூடுவர். மரத்தூளையோ பஞ்சுக் கழிவையோ இடலாகாது; திராவகம் அவற்றைக் கருக்கித் தீ மூளச் செய்யும். நீரைப் பயன்படுத்துவதாயின், தேங்கிய ஒலியத்திற் படாதபடி, தொலைவிற் செல்லும் புகையின் குறுக்கே மெல்லிய தூவலாக மட்டும் பயன்படுத்துவர். எஞ்சியதைச் சுண்ணாம்போ சோடாச் சாம்பலோ கொண்டு சிறிது சிறிதாக முறிப்பர்.

மனித உடலின்மேற் பட்டுவிட்டாலோ விதி முற்றிலும் மாறும். திராவகம் பட்ட ஆடையை உடனே களைந்து, ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடமேனும் தயங்காது கழுவ வேண்டும். சிறு நீர் வெப்பத்தைக் கிளப்பும். பெருநீர் அவ்வெப்பத்தையும் திராவகத்தையும் சேர்த்தே அடித்துச் செல்லும். புகையைச் சுவாசித்தவருக்கு முதலில் இருமல் மட்டுமே தோன்றலாம். சில மணி நேரம் சென்றபின் நுரையீரலில் நீர் கோத்தலும் உண்டு. ஆகவே நலமாயிருக்கிறோம் என்று வீடு திரும்பாமல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இவையெல்லாம் முன்னமே அறிந்திருந்தாலன்றி, அவ்வேளையில் எவருக்கும் தோன்றா. இதனை உச்ச நீதிமன்றம் நன்கு உணர்ந்தது. அவ்வாலையைக் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கு விபத்திற்கு முன்பே நிலுவையில் இருந்தது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், அங்கிருந்த குளோரின் பகுதியை மீண்டும் இயக்க இசைவளித்த நீதிமன்றம், பல நிபந்தனைகளை விதித்தது. குளோரின் வாயு உடலுக்கு என்ன தீங்கு செய்யும், உடனடியாக என்ன மருத்துவம் செய்தல் வேண்டும் என்பவற்றை விளக்கும் அட்டவணைகளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் அக்கம் பக்கத்தாருக்கு எச்சரிக்கையும் அறிவுரையும் கூற ஆலையைச் சுற்றி ஒலிபெருக்கிகள் அமைக்க வேண்டும். தொழிலாளருக்கு முகமூடி அணியப் பயிற்சி தர வேண்டும் என்பன அவற்றுட் சில. மதிலுக்குள் அடைபட்டிருந்த அறிவு, நீதிமன்றத்தின் ஆணையால் முதன்முறையாக அவ்வூராரை நோக்கி நடந்தது எனலாம்.

அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள், தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையில் ஐவர் அமர்ந்த ஆயம் புகழ் பெற்ற தீர்ப்பை வழங்கியது. அபாயம் விளைக்கும் பொருளைத் தன் நிலத்தில் வைத்திருப்பவன், அது தப்பிச் சென்று செய்யும் கேட்டிற்குப் பொறுப்பாவான் என்னும் நெறியை 1868-இலேயே ஆங்கில நாட்டு நீதிமன்றம் வகுத்திருந்தது. எனினும் அந்நெறியில் விதிவிலக்குகள் பல இருந்தன. தெய்வச் செயல் என்றோ, பிறர் செய்த குற்றம் என்றோ சொல்லித் தப்பலாம். தற்காலப் பெருந்தொழிலுக்கு அவ்விலக்குகள் எவையும் இல்லை என்று நம் நீதிமன்றம் துணிந்து கூறியது. முழுப் பொறுப்பு என இன்று சட்ட நூலார் வழங்குவது இதுவே. ஆயினும் துன்புற்றோருக்கு இவ்வளவு தொகை என்று அத்தீர்ப்பு அளந்து கொடுக்கவில்லை. உரிய நீதிமன்றங்களில் தனித்தனியே வழக்கிடும்படி விட்டது. நெறி பிறந்தது; நிவாரணம் காத்திருந்தது.

இதன் பின்னர்ச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆலையின் அபாயங்களைத் தொழிலாளருக்கும் அண்டை அயலாருக்கும் அறிவித்தல் கடமையாக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிகள், ஆலைக்குள் ஒரு நெருக்கடித் திட்டமும் ஆலைக்கு வெளியே மாவட்ட ஆட்சியினரால் மற்றொரு திட்டமும் இருத்தல் வேண்டும் என்றன. 1991-இல், குற்றம் எவருடையது என மெய்ப்பிக்காமலே உடனடி உதவி பெறுதற்குரிய காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஏட்டில் எல்லாம் செவ்வனே அமைந்தன. ஆயின் 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் விடியற்காலையில், விசாகப்பட்டினத்து ஆலை ஒன்றிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஊராரிற் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கப்படவே இல்லை என விசாரணைக் குழு கண்டது.

சங்கு ஒலித்தாலும் அதன் பின் வரும் சொல் விளங்க வேண்டுமன்றோ? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், 1993-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், ரயில் கலம் ஒன்றிலிருந்த ஒலியத்தை இறக்குவதற்காகச் சூடேற்றியபோது அழுத்தம் மிகுந்து ஒலியம் பீறிட்டது. மூன்று மணி நேரத்திற்கு மேல் புகை பரவிற்று. 20,000-க்கு மேற்பட்டோர் மருத்துவரை நாடினர். பின்னர் 1999-இல் அந்நகரத்து எண்ணெய் ஆலையில் வெடிப்பு நேர்ந்தபோது, எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. அங்குக் குடியேறியிருந்த லாவோஸ் நாட்டு மக்களுட் பலருக்கு அது விளங்கவில்லை. அவர்கள் ஒன்றுகூடி முறையிட்டனர்; பல மொழிகளில் எச்சரிக்கும் ஏற்பாட்டிற்கு அவ்வட்டாரத்து ஆட்சியினரை இணங்கச் செய்தனர்.

டில்லி ஆலையின் அட்டவணைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும் என்றதை மேலே கண்டோம். அன்றைய நிலையில் அது பெரிய முன்னேற்றமே. எனினும் அவ்விரண்டும் படிக்கத் தெரியாத தொழிலாளி அதன் முன் நின்றால் அவன் கதி யாது? அண்மையில் ஊரிலிருந்து வந்த முதிய தாய், வீட்டிலிருக்கையில் ஒலிபெருக்கி முழங்கினால் எதனை அறிந்துகொள்வாள்? மொழி தெரியாமை அந்நேரத்தில் உயிரையே கேட்கும்.

ஆகவே, நாம் வாழும் இடத்தருகே உள்ள ஆலை எது, அங்கு வைத்திருப்பது யாது, அபாயம் நேர்ந்தால் எப்பக்கம் செல்ல வேண்டும் என்று மாவட்ட ஆட்சியினரையும் ஆலையினரையும் கேட்டறிவோம். கேட்பது நம் உரிமை. கூறுவது அவர்தம் கடமை. கேட்டறிந்ததைத் தமிழில் எழுதி, நம் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். அயலாரின் மொழியிலும் எழுதித் தருவோம். வெண்புகை தோன்றினால் அதனுடன் ஓடாது, காற்றுக்குக் குறுக்காக விலகிச் சென்று காற்று வரும் பக்கம் சேர்தல் வேண்டும். வெளியேற இயலாதெனில் கதவு சன்னல்களை இறுக மூடி உள்ளே இருத்தல் வேண்டும். இவ்விரண்டு வரிகளை வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் தம் மொழியில் அறிந்திருப்பார்களாயின், டில்லி மாநகரம் 1985-இல் கொடுத்த விலை வீண் போகாது.