கடன் தீர்ந்த பின்னும் தீராத காசோலை

சென்ற மாதம் பழைய வழக்குக் கட்டு ஒன்றைத் தேடிப் பெங்களூரு மேயோ ஹால் நீதிமன்ற வளாகத்துக்குச் சென்றிருந்தேன். வராந்தாவில் எனக்கருகே அமர்ந்திருந்தவர் சிவாஜிநகரில் சிறுகடை வைத்திருக்கும் தமிழர், எழுபதை நெருங்கியவர். அவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பி வழக்காகியிருக்கிறது. பின்னர் இரு தரப்பாரும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டனர். இவரும் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். வழக்கு மட்டும் நிற்கவில்லை. “எண்ணித்தானே தம்பி கொடுத்தேன்?” என்றார். அந்தக் கேள்விதான் இப்பதிவுக்குக் காரணம்.

கொடுத்தது வேறு, கொடுத்ததற்கு எழுத்து இருப்பது வேறு என்பதை நம் ஆவண மரபு நெடுங்காலமாக அறியும். சோழர்கால நில விற்பனைக் கல்வெட்டுகளைப் படிப்போர் ‘பொருள்மாவறுதிப் பொருள்செலவோலை’ என்னும் தொடரை அடிக்கடி எதிர்கொள்வர். விலைப்பொருள் அறக் கொடுத்துத் தீர்ந்தமைக்கு இவ்வோலையே சான்று, வேறோர் ஓலை காட்ட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. வாங்கியவனை நாளைய வழக்கிலிருந்து காக்கும் சொற்கள் அவை. பிற்காலத்தில் அதே வேலையைச் செய்தது ‘பாரிக்கத்து’ எனும் விடுதலைப் பத்திரம். சொல் பாரசீக வழியில் வந்தது, தேவை உள்ளூரது. உண்டியல் வணிகத்திலோ, பணம் செலுத்தப்பட்டு முடிந்த உண்டியலுக்குக் ‘கோக்கா’ எனத் தனிப்பெயரே இருந்தது. முடிந்த தாளும் முடியாத தாளும் ஒரே பெயரில் உலவலாகாது என்னும் எச்சரிக்கை அதிலிருக்கிறது.

1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் இவ்வழக்கத்தைத் தன் மொழியில் ஏற்றுக்கொண்டது. பணம் செலுத்துபவர் அந்த முறியைத் திரும்பப் பெறும் உரிமையுடையவர் என்கிறது 81ஆம் பிரிவு. பகுதித் தொகை செலுத்தப்பட்டால் அதை முறியிலேயே குறிக்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு. நம்மவர் புரோநோட்டின் பின்புறம் ‘வரவு வைத்த’ வழக்கமேதான். இந்தச் சிறு குறிப்பின் வலிமையை 2022இல் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் காட்டியது: பகுதித் தொகை பெற்ற பின்னும் அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கே வங்கியில் செலுத்தினால், அது திரும்பினாலும் குற்றமாகாது.

பெரிய மாற்றம் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 1989 ஏப்ரல் 1 முதல் 138ஆம் பிரிவு நடைமுறைக்கு வர, காசோலை கடனுக்கு மட்டுமன்றிக் குற்றத்துக்கும் சான்றாயிற்று. கடனுக்காகவே காசோலை தரப்பட்டது என நீதிமன்றம் முன்கூட்டியே கொள்ளும்; மறுத்து நிறுவும் சுமை கையெழுத்திட்டவர்மேல். கர்நாடகத்திலிருந்து சென்ற ரங்கப்பா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வழக்குத் தொடுக்கப்பட்டதும் தாளும் வணிகர் கையைவிட்டு நீதிமன்றக் கோப்புக்குள் போய்விடுகிறது. என் கருத்தில், முதியவரின் இடர் இங்கேதான் பிறந்தது. அவர் கடனைத் தீர்த்தார், குற்றச்சாட்டைத் தீர்க்கவில்லை.

அதைத் தீர்க்கும் வழியைச் சட்டம் காலந்தாழ்த்தியே தெளிவாகச் சொன்னது. 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 147ஆம் பிரிவே இதனைச் சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றமென வெளிப்படையாக அறிவித்தது. 2010இல் தாமோதர் பிரபு வழக்கில் உச்ச நீதிமன்றம் தாமதத்துக்கு விலை வைத்தது: நிலைக்கேற்பக் காசோலைத் தொகையில் 10, 15, 20 விழுக்காடு. 2025 செப்டம்பரில் அவற்றை 5, 7.5, 10 எனக் குறைத்து, எதிர்தரப்புச் சான்று பதிவாகும் முன் செலுத்துவோருக்குச் செலவுத்தொகை வேண்டாம் என்றது.

ஆகவே இன்றைய பாரிக்கத்து இருவர் கையெழுத்தோடு முடிவதில்லை. காசோலை எண், தேதி, வழக்கு எண், எத்தொகை எவ்வழியில் வந்தது, பிணையாகக் கொடுத்த பிற காசோலைகள் திரும்பினவா என்பனவெல்லாம் அதில் வேண்டும். புகார்தாரர் நீதிபதியின் முன் இசைவு தெரிவித்து, வழக்கு முடிந்தது என்னும் ஆணையும் பிறக்க வேண்டும். ஆணையின் சான்றிட்ட நகல்தான் இக்காலத்துச் செலவோலை. தேதியிடாத பிணைக் காசோலையைக் குறிப்பாகச் சொல்கிறேன். அதை மறந்து வந்தவர்கள் மறுபடியும் இதே வராந்தாவுக்கு வர நேரும்.

சமரசத் தொகையைப் புதிய காசோலையாகக் கொடுப்போரும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஜிம்பெக்ஸ் வழக்கில் 2021இல் சொல்லப்பட்டது இது: சமரச ஒப்பந்தம் ஏற்பட்டபின் பழைய வழக்கு அதில் அடங்கிவிடும்; பழைய காசோலைக்கும் புதியதற்கும் இணையாக இரு வழக்கு நடத்தலாகாது. ஆனால் புதிய காசோலை திரும்பினால் அது புதிய குற்றம்.

முதியவரிடம் எழுத்து ஒன்று இருக்கத்தான் செய்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், ‘பணம் வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி; கீழே கையெழுத்து. காசோலை எண் இல்லை, வழக்கு எண் இல்லை, எவ்வளவு பணம் என்பதுகூட இல்லை. அவருடைய வழக்கறிஞர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார்.