நீவிய கரங்கள்

உடம்பைப் பிடித்து விடுவது நம் இல்லங்களுக்குப் புதிய செய்தியன்று. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்க்கவும், சுளுக்கு வழிக்கவும் கைப்பழக்கமுள்ள மூதாட்டி ஒருவர் ஊர்தோறும் இருந்தார். அதே கைத்தொழில் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெயர் கெட்டு நின்றதையும், அதனை மீட்டவர்கள் பெண்களே என்பதையும் நம்மில் பலர் அறியோம்.

லண்டனில் ‘மஸாஜ்’ என்று பலகை தொங்கவிட்ட வீடுகள் சிலவற்றில் ஒழுக்கக்கேடு நடக்கிறதென 1894ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எச்சரித்தது. நேர்மையாகத் தொழில் செய்த தாதிமார் தலைகுனிய நேர்ந்தது. அவ்வாண்டிலேயே லூசி ராபின்சன், ரோஸலின்ட் பேஜட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர் ஆகிய நால்வர் கூடி, பயிற்சி பெற்ற மஸாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். மருத்துவர் சொல்லாமல் எவர் உடலிலும் கை வைக்கலாகாது; பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கூடாது; மருத்துவரின் தனி உத்தரவின்றி ஆடவருக்குச் சிகிச்சை இல்லை. இவை அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். தம் மானத்துக்குத் தாமே இட்ட வேலி என்று இதனை நாம் கொள்ளலாம்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. நாடாளுமன்ற உறுப்பினர் அல்மெரிக் பேஜட்டும் அவர்தம் துணைவியார் பாலினும் ஐம்பது மஸாஜ் பெண்களைத் திரட்டி இராணுவ மருத்துவமனைகளுக்கு அளித்தனர். போர் ஓய்ந்தபோது அப்படையினர் இரண்டாயிரம் அளவில் இருந்தனர். 1917 முதல் கடல் கடந்தும் சென்றனர்.

அவர்கள் செய்த வேலைதான் என்ன? குண்டு பாய்ந்த புண் ஆறிவிடும். ஆனால் வடு சதையோடு ஒட்டிக்கொண்டு முழங்கையை மடக்க விடாது. அந்த வடுவை விரல் நுனியால் நாள்தோறும் சிறிது சிறிதாக நெகிழ்த்துவார்கள். வீக்கம் வடிய, விரலிலிருந்து தோளை நோக்கி நீவுவார்கள். அறுபட்ட நரம்பின் கதை இன்னும் நீண்டது. மருத்துவர் அதனைத் தைத்துவிட்டாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் அது வளரும். தோளருகே அறுபட்டது விரலை எட்ட ஓராண்டுக்கும் மேலாகும். அதுவரை தசை நலியாதிருக்க வேண்டுமென்று நீவியும், மின்சாரம் செலுத்தித் துடிக்க வைத்தும் காத்து வந்தார்கள். ஒரே கையை மாதக்கணக்கில்! வெற்றிச் செய்திகளைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வரலாற்று நூல்கள் இந்தப் பொறுமைக்கு எத்தனை வரிகள் ஒதுக்கின?

ஆடவரைத் தொடலாகாதென்ற விதி என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். விதி அழியவில்லை, அதனுள் முன்பே வைத்திருந்த வாசல் விரியத் திறந்தது. ஆடவருக்கு மருத்துவரின் கட்டளை முன்னரும் வேண்டும். இப்போது அக்கட்டளை ஆயிரக்கணக்கில் வந்தது. நிர்ப்பந்தத்துக்கு நம் ஷரீஅத் அளிக்கும் சலுகை நாம் அறியாததன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்னும் மாதரசியார் அமைத்திருந்த கூடாரத்தில் வைக்கப்பட்டதை ஸீரா நூல்கள் உரைக்கின்றன. பெண் கரம் போர்க்காயத்தைத் தொட்டது ஐரோப்பாவில்தான் தொடங்கிற்று என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

1920இல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. ஒரு காலத்தில் வெளியே சொல்லக் கூசிய தொழில், இன்று பிசியோதெரபி என்ற பெயரில் மருத்துவமனைதோறும் நடைபெறுகிறது.

இத்தொழில் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கும் வாழ்வளித்தது. ஆர்தர் பியர்சன் 1915இல் லண்டனில் நிறுவிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் அவர்களுட் சிலர் மஸாஜ் கற்றனர். சங்கத்தின் தேர்வையும் எழுதித் தேறினர். பிரெய்ல் எழுத்தில் உடற்கூறு படித்த அந்த விரல்கள், பின்னர் இராணுவ மருத்துவமனைகளில் சக வீரர்களின் மரத்த கைகால்களை நீவின.