விசார்ட்ரி (நாவல் வரிசை)

விசார்ட்ரி, அமெரிக்க எழுத்தாளர் ரிக் குக் எழுதிய நகைச்சுவை மிகுபுனைவு நாவல் வரிசை. முதல் நாவலான 'விசார்ட்ஸ் பேன்' 1989இல் பேன் புக்ஸ் வெளியீடாக வந்தது. மந்திரத்தையே நிரலாக எழுதிவிடும் கணினிக்காரன் ஒருவனின் கதை இது.

நாயகன் வில்லியம் இர்விங் சும்வால்ட். 'விஸ்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் நிரல் எழுதிப் பிழைப்பவன். வேறோர் உலகில் தீய மந்திரவாதிகளின் கை ஓங்கவே, அவர்களை அடக்க பாட்ரியஸ் என்ற முதிய மந்திரவாதி இவனை வரவழைக்கிறார். எதற்காக இவனை அழைத்தார் என்று சொல்வதற்குள் கொல்லப்பட்டுவிடுகிறார். வந்தவனுக்கோ மந்திரத்தில் அரிச்சுவடியும் தெரியாது. போதாக்குறைக்கு, மொய்ரா என்ற சூனியக்காரிமேல் மயங்கும்படி வசியத்துக்கும் ஆளாகிறான். அவளுக்கு இவனைக் கண்டாலே எரிச்சல்.

அந்த உலகில் உச்சரிப்போ கையசைவோ இம்மி பிசகினாலும் மந்திரத்தின் விளைவு மாறிவிடும். புதிய மந்திரம் ஒன்றைச் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு புள்ளி தவறினால் நிரல் படுத்துவிடும் தொழிலிலிருந்து வந்த விஸ்ஸுக்கு இது பழகிய தலைவலிதான். ஆபத்தில்லாத குட்டி மந்திரங்களை எடுத்துக்கொள்கிறான். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று சோதிக்கிறான். பிறகு ஒன்றோடொன்று கோத்துப் பெரிய மந்திரங்களை உருவாக்குகிறான். ஃபோர்த் மொழியில் நிரல் எழுதியவர்களுக்கு இந்த வழி புதிதாகத் தோன்றாது. அவன் சொல்லச் சொல்ல நிரலை எழுதித்தரும் குட்டிப் பூதத்துக்கு 'ஈமேக்' என்று பெயர். ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியை வைத்துச் செய்த கேலி. டாஸ் கணினியில் கோப்புப் பெயருக்கு வாலாக வந்த 'எக்ஸி', இங்கே மந்திரத்தை ஏவும் சொல்.

வரிசையில் சிறந்தது 'தி விசார்ட்ரி கம்பைல்டு' என்றே சொல்லலாம். தனியாளாக எழுதிய நிரலைப் பிறருக்குக் கற்பிக்க முயன்று விஸ் திண்டாடுகிறான். கடைசியில் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்தே ஒரு நிரலாளர் குழுவைத் தருவிக்க வேண்டியதாகிறது. டிராகன்களைவிட திட்ட மேலாண்மைதான் அதிகம் சிரிக்க வைக்கிறது. அலுவலகத்தில் 'நேற்றே முடித்திருக்க வேண்டும்' என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இது இன்னும் ருசிக்கும். மொய்ராவுடனான காதலும் சண்டைக் காட்சிகளும் அவ்வளவு தேறவில்லை. வழக்கமான சாகசக் கதைச் சரக்குதான்.

மந்திரத்தையும் கணினியையும் சேர்த்துச் சிரித்தவர் குக் மட்டுமல்ல. டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு நாவல்களில் மந்திரப் பல்கலைக்கழகத்தின் 'ஹெக்ஸ்' கணினி, கண்ணாடிக் குழாய்களில் ஓடும் எறும்புகளைக் கொண்டு கணக்கிடுகிறது. ஆனால் பிராட்செட்டின் கேலி பெரும்பாலும் எந்திரத்தின் மேல். குக்கின் கேலியோ நிரல் எழுதுபவரின் புத்தியின் மேல்.

வரிசையின் ஐந்தாம் நாவல் 'தி விசார்ட்ரி குவெஸ்டட்' 1996இல் வெளியானது. ஆறாவதை குக் எழுதத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அது முற்றுப்பெறவில்லை.